கடலை நேரலையில் காட்டியவர்

பேப்பர், ரேடியோ, டிவி, டெலிபோன் நான்கையும் ஒன்றாகச் சேர்த்த உலகின் முதல் மனிதர் எங்கள் கேபிள் நைனாதான். கம்பெனிக்காரர்கள் இப்போதுதான் அதையெல்லாம் செல்போனுக்குள் திணித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் கடலோரப் பேட்டையான கல்மண்டபத்தில் அந்த வேலை பத்து வருஷம் முன்பே முடிந்துவிட்டது.

மூன்றாம் மாடிக்கு மேலே தகரக் கொட்டகை, கல்யாண வீடியோ எடுத்து ஓய்ந்த ஒரு கேமரா. இவ்வளவுதான் அவருடைய சேனல். காலையில் தினசரியைக் கேமரா முன்னால் விரித்துப் பக்கம் பக்கமாகத் திருப்புவார். தெருவே டிவியில் பேப்பர் படிக்கும். "நைனா, அவசரப்பட்டுத் திருப்பாத, நான் இன்னும் பாதில கீறேன்" என்று போன் வரும். அந்தப் போனையும் மைக்கில் ஒட்டவைத்து ஒளிபரப்புவார். பிறகு டிரான்சிஸ்டரை ஸ்டூலில் உட்காரவைத்துக் காட்டுவார். ரேடியோ செய்தி முடியும்வரை நாங்கள் அந்த ரேடியோவைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருநாள் அதன் தலையில் சாமந்திப்பூ இருந்தது.

"இன்னா நைனா விசேஷம்?"

"டிவில வருதுல்ல? கொஞ்சம் ஷோக்கா இருக்க வேணாமா?"

டிவியில் வந்தால்தான் எதுவும் நிஜம் என்பது அவர் கட்சி. நாங்களும் அதே கட்சிதான் என்பது சுனாமி வந்த வாரம் தெரிந்தது.

கடல் மறுபடி வருகிறது என்று அந்த வாரத்தில் ஒரு காலை வேளை ஏதோ சேனலில் சிவப்பு எழுத்து ஓடியது. அவ்வளவுதான். ஜனம் குக்கரையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடியது. என் பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது. பக்கத்துத் தெருவில் தோழி வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். நான் போனபோது அந்த வீட்டில் பூட்டு தொங்கியது.

அவள் பேரைக் கத்திக்கொண்டே ஓடினேன். எத்தனை தெரு சுற்றினேன் என்று தெரியாது. டீக்கடை வாசலில், ஓடிக்கொண்டிருந்த கூட்டம் பாத்திரம் பண்டத்தோடு நின்றிருந்தது. நைனா மற்ற சேனல்களையெல்லாம் வெட்டிவிட்டு, கேமராவை மாடியிலிருந்து கிழக்கே திருப்பியிருந்தார். கடை டிவி முழுக்கக் கடல்.

"வருதாடா?" என்று பின்னால் நின்றவர் கேட்டார்.

"இல்ல மாமு, அப்டியேதான் கீது."

அதே கடல் தெருமுனையில் இருந்தது. திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போது ஒரு சின்னக் குரல் கேட்டது. "கடல் அங்கேயே கீது. ஒரு போட்டு கீது. நாய் ஒண்ணு குளிச்சிகினு கீது." மைக்கைப் பிடித்தபடி படத்துக்குள் வந்து நின்றது என் பெண்.

மூன்று மாடி எப்படி ஏறினேனோ! முதலில் ஓர் அறை கொடுத்தேன். பிறகு அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு நைனா மேல் பாய்ந்தேன்.

"கடல் வருதுன்னு ஊரே ஓடுது, குழந்தைய இங்க கொண்டுவந்து நிக்க வச்சிருக்கீங்களே! அறிவிருக்கா?"

"ரோட்டுல அய்துகினு நின்னுச்சும்மா. உன் வூட்டுக்குத்தான் இட்டுனு போனேன், பூட்டிகினு கீது. உன்ன எந்தத் தெருவுல தேடுறது? அதான் டிவில போட்டேன்."

"நான் பார்க்காம போயிருந்தா?"

நைனா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "டிவில வந்தா எவன்மா பாக்காம போவான்?"

நான் அவளை இழுத்துக்கொண்டு இறங்கினேன். அன்று கடல் வரவில்லை.

பெரிய கேபிள் கம்பெனிகள் வந்தபின் நைனா கொட்டகையைப் பிரித்துவிட்டு மீஞ்சூர்ப் பக்கம் போய்விட்டார். அவர் போனது எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரியும். இப்போது வீட்டில் நூறு சேனல். ஏதாவது ஒன்றில் சிவப்பு எழுத்து ஓடினால் போதும், பெண் பள்ளியிலிருந்து திரும்பும்வரை வாசலிலேயே நிற்கிறேன். போய்ப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்ல அந்தச் சேனல்களில் ஒரு ஆள் இல்லை.

அன்று நான் திட்டியது அவர் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு சொல்லியிருக்க வேண்டியதை நான் சொல்லவே இல்லை. நான் இதை எழுதும் இந்த வார இதழ் மீஞ்சூர் ஸ்டேஷன் கடையில் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டேன். கிடைக்கிறதாம்.

நைனா, பாப்பா ஒன்பதாவது படிக்கிறா. நல்லா இருக்கா.