டி டிரைவில் ஒன்றாம் நம்பர்

"இடம் இல்லை" என்று கம்ப்யூட்டர் மூன்றாவது முறையாகச் சொன்னபோது ஃப்ரிம்போங் அதன் தலையில் ஓர் அறை விட்டான். சி டிரைவின் பட்டை சிவப்பாகவே இருந்தது.

கானா நாட்டில் எங்கள் ஊர் எஜிசுவில் செர்வா அச்சகம் என்றால் சாவு போஸ்டர். கல்யாணப் பத்திரிகையும் அடிப்பார்கள்தான். ஆனால் எஜிசுக்காரன் கல்யாணத்தை முடித்துவிடுவான், சாவைத்தான் கொண்டாடுவான். முதலாளியம்மா செர்வா அன்று காலை பக்கத்து ஊரில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார். போகும்போது வாசலில் நின்று எச்சரித்துவிட்டுத்தான் போனார்.

"டார்க்வா போஸ்டர் மத்தியானத்துக்குள்ள சுவத்துல இருக்கணும். போன மாசம் கல்யாணப் பொண்ணு படத்துக்கு மேல 'ஆழ்ந்த அதிர்ச்சி'ன்னு போட்டியே, அந்த மாதிரி ஏதாவது பண்ணே, ஞாயித்துக்கிழமை நீ தனியாத்தான் போயி கதவைத் தட்டணும்."

ஞாயிற்றுக்கிழமை அவன் காதலி கொனாடு வீட்டில் கதவு தட்டும் சடங்கு. ஃப்ரிம்போங் சார்பில் செர்வா அம்மாதான் இரண்டு ஜின் பாட்டிலோடு போய்ப் பெண் கேட்க வேண்டும். கொனாடுவின் மாமா, குடும்பத் தலைவர் நானா பொன்சு, பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டால் பெண் கிடைத்த மாதிரி. தள்ளி வைத்தால் நாலு வருஷக் காதல் அம்பேல். அந்த மனுஷன் ஜின்னைத் தள்ளி வைத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் மாப்பிள்ளைகளைத் தள்ளி வைத்திருக்கிறார், இரண்டு பேரை.

ஃப்ரிம்போங் யோசித்தான். சி-யில் இடமில்லை என்றால் டி-க்குப் போக வேண்டியதுதானே? செட்டிங்ஸைத் திறந்தான். இனிமேல் எல்லாம் டி டிரைவில்தான் சேமிக்க வேண்டும் என்று மாற்றினான். 'படங்கள்' ஃபோல்டரையும் அங்கே குடியேற்றினான். "உள்ளே இருப்பதையெல்லாம் மாற்றவா?" என்று கேட்டது. "பின்னே?" என்று 'ஆம்' அழுத்தினான். சிவப்புப் பட்டை நீலமானது. அந்தச் சந்தோஷத்தில், முகப்பில் 'இன்றைய போஸ்டர்' என்று ஒரு ஷார்ட்கட்டும் வைத்துவிட்டு, சாப்பிட வாக்யே சோறு வாங்கப் போனான்.

டி டிரைவ் என்பது ஒரு கல்யாண வீடியோக்காரர் காப்பி எடுக்கச் சொருகி வைத்திருந்த ஹார்ட் டிஸ்க். வாக்யே பொட்டலத்தோடு ஃப்ரிம்போங் திரும்பியபோது, அவர் அதைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்.

ஷார்ட்கட்டைத் தட்டினான். "டி டிரைவைக் காணோம்" என்றது.

செர்வா அச்சகத்தில் எல்லா வேலைக்கும் ஒரே அச்சுதான். 'படங்கள்' என்று ஒரு ஃபோல்டர். அதில் செத்தவர் ஒன்று, மனைவி இரண்டு, குடும்பத் தலைவர் மூன்று. யார் செத்தாலும் நம்பர் மாறாது. போஸ்டர் தானாக டி டிரைவுக்குப் போய், ஒன்றாம் நம்பரை எடுத்து நடுவில் உட்கார வைத்துவிடும்.

"உனக்கு என்ன, ஒரு டி வேணும். அவ்வளவுதானே?" என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டு, முதலாளியம்மாவின் மேஜை டிராயரைக் குடைந்தான். கறுப்பு ரிப்பன் கட்டிய ஒரு பென்டிரைவ் கிடைத்தது. சொருகினான். அது டி என்று பேர் வாங்கிக்கொண்டது. அதிலும் ஒரு 'படங்கள்' ஃபோல்டர், அதில் ஓர் ஒன்றாம் நம்பர். ஷார்ட்கட்டைத் தட்டியதும் நடுக்கட்டம் தானாக நிரம்பியது. கென்டே துணி, ஒரு தோள் வெறுமை, முழங்காலில் இரண்டு கை. எங்கள் ஊர்க் கிழவர்கள் எல்லோருமே போட்டோவுக்கு அப்படித்தான் உட்காருவார்கள். திரையில் படம் கலங்கலாகத்தான் தெரிந்தது. ஃப்ரிம்போங் ஆண்டவருக்கு நன்றி சொல்லி, இருநூறு பிரதி அழுத்தினான்.

போஸ்டர் ஒட்டும் புரோபி கட்டை வாங்கிக்கொண்டு போனார். பன்னிரண்டரைக்கு போன் அடித்தது. கொனாடு.

"எங்க மாமா எப்ப செத்தாரு?"

"எந்த மாமா?"

"நானா பொன்சு! லாரி ஸ்டாண்டு முழுக்க அவரு மூஞ்சி, கீழ டார்க்வான்னு பேரு, எண்பத்திரண்டு வயசுன்னு வேற. அவரு இங்க உக்காந்து ஃபுஃபு சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு, வாசல்ல மூணு பொம்பளைங்க மாரடிச்சு அழுவுறாங்க!"

 பாட்டிலை வாங்க வேண்டிய கையை, கதவு தட்டுவதற்கு மூன்று நாள் முன்னால் ஃப்ரிம்போங்கே பெட்டியில் வைத்து மூடிவிட்டான்.

முதலில் ஒரு திருத்தப் போஸ்டர் தயாரித்தான். பேர் போட்டால் நானாவுக்கு அவமானம் என்று படத்தை மட்டும் வைத்தான்: அதே ஒன்றாம் நம்பர் படம், கீழே 'இவர் இறக்கவில்லை! பூரண நலமாக இருக்கிறார்!' சேமித்தான். பிறகு வீடியோக்காரரைக் கெஞ்சிக் கூப்பிட்டு டிஸ்க்கை வாங்கிச் சொருகினான். அது ஈ என்று வந்தது. டி-யில்தான் பென்டிரைவ் உட்கார்ந்திருக்கிறதே. புத்தியுள்ளவன் பென்டிரைவைப் பிடுங்கியிருப்பான். ஃப்ரிம்போங் டிரைவ் எழுத்துகளை மாற்றும் இடத்துக்குப் போய், டிஸ்க்குக்கு டி, பென்டிரைவுக்கு ஈ என்று பேரை மாற்றிவைத்தான். டார்க்வா போஸ்டர் டார்க்வாவோடு வந்தது. கண்ணில் நீரோடு அதை முத்தமிட்டான். கையோடு திருத்தப் போஸ்டரிலும் நூறு அடித்து, இரண்டையும் புரோபியிடம் கொடுத்து விரட்டினான்.

திருத்தப் போஸ்டரும் டி-க்குத்தான் போனது, ஒன்றைத்தான் எடுத்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஆள்தான் மாறிவிட்டார்.

ஒட்டும்போது பார்க்கக் கூடாதா என்று பிறகு எல்லோரும் புரோபியைக் கேட்டார்கள். "ஓரம் நேரா இருக்கான்னு பாக்குறதுதான் என் வேலை," என்றார் அவர்.

ஒரு மணி நேரத்தில் டார்க்வாவின் மனைவி கறுப்புத் துணியில் கடைக்குள் நுழைந்தாள். கையில் திருத்தப் போஸ்டர்.

"என் புருஷன் பூரண நலமா இருக்காருன்னு போட்டிருக்கியே," என்றாள். "எவ வீட்டுல?"

அவளுக்குப் பதில் சொல்வதற்குள் வாசல் இருண்டது. நானா பொன்சு. பின்னால் நாலு பெரியவர்கள், கொனாடு, பாதி லாரி ஸ்டாண்டு. நானா தன் சாவு போஸ்டரைச் சுருட்டி ஃப்ரிம்போங்கின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"எண்பத்திரண்டு வயசாடா எனக்கு? எழுபத்தாறுடா!"

"நானா, கம்ப்யூட்டர்ல வைரஸ்..."

"வைரஸுக்கு என் போட்டோவை யாரு குடுத்தா? சொல்லு! நான் உசுரோட இருக்கும்போது என் படத்தைச் சாவுக்கடையில கொண்டாந்து குடுத்தவன் எவன்?"

"டிராயர்ல இருந்த பென்டிரைவ் நானா. யாரு குடுத்தாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

நானா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தினார். பஞ்சாயத்தில் பேசிப் பழகிய குரல்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. என் போட்டோவைக் குடுத்தவன் எவனா இருந்தாலும் சரி, என் குடும்பத்துக்கு ரெண்டு ஆடு அபராதம் கட்டணும். அது இந்தப் பயதான்னு தெரிஞ்சா, ஞாயித்துக்கிழமை பாட்டிலைத் தூக்கிக்கிட்டு என் வாசப்பக்கம் வரப்படாது. வேற எவனாவதுன்னா, வரட்டும், பொண்ணைத் தரேன். இது என் வாக்கு!"

பெரியவர்கள் நாலு பேரும் தலையாட்டினார்கள். கொனாடு முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஃப்ரிம்போங்குக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு ஆளை அவன் எங்கே போய்த் தேடுவான்?

கூட்டத்தை இடித்துக்கொண்டு செர்வா அம்மா உள்ளே வந்தார். நானாவைப் பார்த்தார், போஸ்டரைப் பார்த்தார், கம்ப்யூட்டரில் தொங்கிய கறுப்பு ரிப்பனைப் பார்த்தார். வாயில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ நானா! 'ரகசியமா வெச்சிரும்மா, நான் செத்தப்புறம் அடிச்சாப் போதும்'னு போன மாசம் நீங்களே கொண்டாந்து குடுத்தீங்களே, அந்தப் பென்டிரைவையா இவன் எடுத்தான்?"