வரியைத் தொட்ட குருவி

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அதன் கையில் ஒரு போனும் இருந்தது. காட்டுக்குத் தொல்லை வந்தது போனால்தான்.

குளத்தில் தண்ணீர் குடிக்க யாருக்கு எப்போது முறை என்று சொல்லும் ஆப் ஒன்று அந்தப் போனில் ஓடியது. பலாமரத்தடியில் இருந்த கம்பெனி அதைச் செய்து கொடுத்திருந்தது. ஆப் ஓடும்போது எங்கே வந்தது, எங்கே முட்டியது என்று உள்ளுக்குள் எழுதிக்கொண்டே போகும். அதற்கு லாக் என்று பெயர். செய்தவர்கள் மட்டும் பார்க்க வேண்டிய சமாச்சாரம். அந்தக் கம்பெனியிலோ ஆளாளுக்கு மனம்போன போக்கில் லாக் போடுவார்கள். "வந்துட்டேன்" என்று ஒரு வரி. "இங்கேயும் வந்துட்டேன்" என்று இன்னொரு வரி. "ஐயோ" என்று மட்டும் ஒரு வரி. ஏன் எழுதினோம் என்று எழுதிய ஆமைக்கே நினைவில்லை. வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்பார்கள். வேலை என்றைக்கு முடிந்தது?

ஒருநாள் சிங்கம் ஆப்பைத் திறந்தது. முறை வரவில்லை. உள்ளே இருக்க வேண்டிய லாக் வரி ஒன்று திரையில் பெரிதாக வந்தது: "கிழடு மறுபடியும் வந்திருச்சு."

சிங்கம் கம்பெனித் தலைவரான நரி கோமதிநாயகத்தைக் கூப்பிட்டது. "இதை எழுதினவனை நாளைக்குக் காலையில குகைக்கு அனுப்பு. டிபன் வேண்டாம்னு வீட்ல சொல்லிட்டேன்."

எழுதியது முள்ளம்பன்றி பேச்சிமுத்து. ஆப்பைச் சோதித்துப் பார்க்கும்போது விளையாட்டாகப் போட்டது. வேலையில் மூழ்கியதுபோல் குனிந்துகொண்டது. நரிக்கும் விஷயம் தெரியும். ஆனால் பேச்சிமுத்து போய்விட்டால் வேலையை யார் பார்ப்பது? "லாக் பூரா குப்பையாக் கெடக்கு. தேடினாலும் கெடைக்காது. சிங்கமும் மறந்துரும்" என்று நரி நிம்மதியாக இருந்தது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த தூக்கணாங்குருவி தமயந்தி அப்படி இருக்க விடவில்லை.

"நான் ஒழுங்கு பண்ணித் தாரேன் அண்ணாச்சி. ஒவ்வொரு வரிக்கும் நேரம், இடம், நிலை மூணும் போட்டுட்டா தப்பு எங்கேன்னு தெரிஞ்சிரும்."

"வேண்டாம்மா. கெடக்கிறது கெடக்கட்டும்."

"லாக் பொய் சொல்லாது அண்ணாச்சி."

கூடு பின்னிப் பழகிய அலகு சும்மா இருக்குமா? "வந்துட்டேன்" எல்லாவற்றையும் 'தகவல்' என்ற நிலையில் சேர்த்தது. "ஐயோ"வை 'பிழை'யில் வைத்தது. கிழடு வரியைக் கண்டுபிடித்து, சாட்சிக்கு இருக்கட்டும் என்று வார்த்தையை மாற்றாமல், 'எச்சரிக்கை'யில் வைத்தது. பொழுது சாய்வதற்குள் லாக் பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்குக்கூடப் பார்க்க ஆசையாக இருந்தது.

மறுநாள் காலை சிங்கத்தின் ஆள் வந்து நின்றது. கம்பெனிக் கம்ப்யூட்டரில் ஒரு வழக்கம் உண்டு: எந்த வரியைக் கேட்டாலும், அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயரைச் சொல்லும். நரி பட்டனை அமுக்கியது. மேலிருந்து கீழ்வரை தமயந்தி, தமயந்தி, தமயந்தி.

"நான் அடுக்கித்தான் வச்சேன் அண்ணாச்சி. எழுதல."

"எனக்குத் தெரியும்மா. கம்ப்யூட்டருக்குத் தெரியலையே."

அதற்கு முன்னால் தொட்டது யார் என்று தோண்டிப் பார்க்கவும் வழி உண்டு. நரி தோண்டவில்லை. பேச்சிமுத்து சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

குருவிக்குச் சிறகு இருந்தது. பறந்து தப்பியிருக்கலாம். நியாயத்தை எடுத்துச் சொன்னால் சிங்கத்துக்குப் புரியும் என்று நம்பி, லாக்கைக் கையோடு எடுத்துக்கொண்டு போனது.

வருவது முள்ளம்பன்றியாக இருந்தால் தொண்டையில் குத்துமே என்று கவலையில் இருந்த சிங்கம், குருவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. குருவி பொறுமையாக விளக்கியது. தகவல் என்றால் என்ன என்று சொல்லி முடித்தது. எச்சரிக்கைக்கு ஓர் உதாரணம் கேட்டது சிங்கம். குருவி யோசிப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

அன்று பேச்சிமுத்து வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வரியை முறைப்படி எழுதியது: "நேரம்: காலை. இடம்: குகை. நிலை: தகவல். குருவி திரும்பி வரவில்லை"

எழுதிவிட்டு ஆமையைக் கூப்பிட்டது. "அண்ணே, இதுல ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போச்சு. நீங்களே உங்க கையால வச்சிருங்க."

நீதி: அலுவலகத்தில் குப்பை கிடந்தால் தாண்டிப் போகவும். போட்டவர் யாரோ, கூட்டியவர் பெயரில்தான் பதிவாகும்.