மூன்றாவது கோட் வார்னிஷ்

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். என் வலது கட்டைவிரல் மட்டும் பழுப்பு. உங்கள் முழங்கால் வலி தேவலையா? கல்யாணத்தன்று என்னைத் தனியே கூப்பிட்டு, "என் தங்கச்சி கொஞ்சம் பிடிவாதக்காரி, பொறுத்துப் போங்க" என்றீர்களே, அது சம்பந்தமாக முப்பத்தோரு வருஷம் கழித்து ஒரு விண்ணப்பம்.

எங்கள் மகள் வக்கீலாகித் தனியாக ஆபீஸ் போடுகிறாள் அல்லவா, அவளுடைய முதல் மேஜையை என் கையாலேயே செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். "வேணாம்ப்பா, கடையில வாங்கிக்கிறேன்" என்று அவள் சொன்னதில்தான் எனக்கு ரோஷம் வந்தது. மேல்பக்கம் தேக்கு ஒட்டிய பிளைவுட் வாங்கி, அறுத்து, ஒட்டி, நிமிர்த்தியது வரை நானேதான். அதற்கப்புறம்தான் சனியன் பிடித்தது. அந்தத் தேக்கு வெங்காயத் தோல் கனம்தான் இருக்கும் என்று தெரியாமல், தபாலாபீஸில் ஆயுசெல்லாம் முத்திரை குத்திய கையால் உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தேனா, ஒரு மூலையில் தேக்கு போய் அடியிலிருந்த வெளிறிய மரம் பல்லைக் காட்டியது. ஸ்டெயின் என்கிற மரச்சாயம் பூசினால் மறையும் என்று சுவருக்கு அடிப்பதுபோல் தாராளமாகப் பூசி, ஊறட்டும் என்று விட்டுவிட்டு மத்தியானத் தூக்கம் போட்டேன். எழுந்து வந்தால் எங்கும் திட்டுத் திட்டாகக் கறுப்பு, பசை சிந்திய இடமெல்லாம் வெள்ளை, தொட்டால் பிசுபிசுப்பு.

"என்னங்க இது, பசுமாடு படுத்திருக்கிற மாதிரி இருக்கு?" என்றாள் உங்கள் தங்கை.

ஞாயிற்றுக்கிழமை மேஜை போயாக வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளோ தன் தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்து, "மரமும் துணி மாதிரிதாங்க. இழை போற பக்கமாத்தான் போகணும். வெட்டுத்துணியில பாக்காம முழுத்துணியில யாராவது கை வைப்பாங்களா?" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தின்னர் நனைத்த துணியால் என் கைங்கரியத்தைத் துடைத்தாள், பசையைப் பிளேடால் சுரண்டினாள், ஆறு துண்டுப் பலகைகளில் ஸ்டெயின் பூசி, எத்தனை நிமிஷத்தில் துடைத்தாள் என்று முதுகில் எழுதி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து நாலாவதைத் தேர்ந்தெடுத்தாள். திட்டு விழாதிருக்க முதலில் தண்ணியாகக் கரைத்த வார்னிஷ் ஒரு கை, அப்புறம் ஸ்டெயின். நான் தேய்த்துக் கெடுத்த மூலையில் தீக்குச்சி நுனியால் ஒவ்வொரு ரேகையாக வரைந்தாள் மச்சான்! அடுக்குத் தெரிந்த ஓரங்களில் மெல்லிய தேக்குப் பட்டியை வைத்து இஸ்திரி போட்டு ஒட்டினாள், பாவாடைக்கு ஓரம் அடிப்பதுபோல. முதல் கோட் வார்னிஷில் நான் கட்டைவிரல் முத்திரை வைத்தேன். திட்டாமல் தேய்த்துவிட்டு இரண்டாவது கோட் அடித்து, "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தொடாதீங்க" என்றாள்.

அந்தப் பலகைக்குள் இப்படியோர் அழகு இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. கொஞ்ச நேரத்தில் மேஜையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷத்தில் "நல்லா இருக்கு" என்று அவளிடம் ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. வாய் வரைக்கும் வருது, வெளியே வரமாட்டேங்குது. நீங்கள் "பொறுத்துப் போங்க" என்று சொல்லியிருக்க வேண்டியது அவளிடம்தான்.

விண்ணப்பம் இதுதான். மகளிடம் மேஜை முழுக்க என் கைவேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன், காட்டிக்கொடுத்துவிடாதீர்கள். நான் மெச்சியதை உங்கள் தங்கையிடமும் மூச்சுவிட வேண்டாம், அப்புறம் அவளைக் கையில் பிடிக்க முடியாது.

வார்னிஷ் காய்ந்துவிட்டது, பட்ட அனுபவத்தில் சொல்கிறேன். கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கவர் தேடப் போகிறேன். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு, முழங்காலுக்குத் தைலம்.

இப்படிக்கு,
மேஜை செய்தவன்

பின்குறிப்பு: காயவில்லை. உங்கள் கையிலிருப்பது நகல். தபாலாபீஸில் நான் ஒட்டிய எதுவும் இவ்வளவு கெட்டியாக ஒட்டியதில்லை. உரிக்கப் பார்த்தேன், ஓரம் கிழிந்தது. உங்கள் தங்கை வந்து, நின்றபடியே முழுசும் படித்தாள், உள்ளே போய் பிரஷ்ஷை எடுத்துவந்து கடிதத்தின் மேலேயே மூன்றாவது கோட் அடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மகளும் படித்துவிட்டு, "எழுத்துமூலமான வாக்குமூலம்ப்பா, இனிமே மாத்திச் சொல்ல முடியாது" என்றாள். அசல் இப்போது அவள் ஆபீஸில், வருகிறவர்கள் எல்லோரும் படிக்கும்படி. 'மேஜை செய்தவன்' என்பதற்கு முன்னால் உங்கள் தங்கையின் கையெழுத்தில் 'பாதி' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. வார்னிஷ் அடிப்பதற்கு முன்னாலேயே எழுதிவிட்டாள்.