சர்க்கார் பாய் ஓட்டி வந்த ஆடுகள்

காரைக்காலை ஒட்டிய திருமலைராயன்பட்டினத்தில் அரசாங்கத்தை மனதார நேசித்தவர் ஒரே ஒருவர்தான்: எங்கள் எதிர்வீட்டு 'சர்க்கார்' பாய். வளைகுடாவில் பல வருடம் உழைத்துவிட்டுத் திரும்பியவர். மற்றவர்களுக்கு ஓய்வு என்றால் தூக்கம். இவருக்கு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போய் நலம் விசாரிப்பது.

"காரைக்கால் கையகல ஊரு. கலெக்டரு, கொம்யூன் பஞ்சாயத்து, கோர்ட்டு எல்லாம் கைக்கெட்டுற தூரம். மனுசன் சந்தோசமா இருக்க வேற என்ன தம்பி வேணும்?" என்பார்.

நாகூரிலிருந்து வரும் அவர் மச்சானுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "இத்தன ஆபீஸ் இருக்கறதாலதான் ஒண்ணும் நடக்கல. பாதிய மூடுங்க, ஜனங்க நிம்மதியா இருப்பாங்க."

ஒருமுறை எங்கள் தெருவிளக்கு எரியவில்லை. ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது, அது வேறொன்றை. தெரு இருண்டு கிடக்க, பாய் முகத்தில் மட்டும் வெளிச்சம். "நம்ம ஒத்த பல்புக்கு எத்தன ஆபீசரு மண்டைய ஒடச்சிக்கிறாங்க பாத்தீங்களா!"

இப்படிப்பட்டவருக்கு, தெருமுனைக் கால்நடை மருந்தகத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. பார்வையிட அதிகாரி வந்த அன்று, கண்ணில் பட்ட ஆடுகளையெல்லாம் ஓட்டிவந்து வாசலை அடைத்துவிட்டார் பாய். மச்சான் கையில் வலுக்கட்டாயமாக ஒரு கோழி.

அதிகாரி ஓர் ஆட்டைத் தடவிப் பார்த்தார். "இதுக்கு என்ன நோவு?"

"நோவெல்லாம் இல்லீங்க. டாக்டரப் பாத்தா அதுக்கு ஒரு தெம்பு."

கூட்டம் சிரித்தது. அதிகாரி சீறினார். "வெளையாடறீங்களா?"

பாயின் குரல் தழைந்தது. "வளைகுடாவுல மொதலாளி என் பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்கிட்டான்யா. வாப்பா மவுத்தானப்போ மொகம் பாக்கக்கூட வர முடியல. யாருகிட்ட போய்ச் சொல்றதுன்னே தெரியல. இங்க தட்டுனா தெறக்குதோ இல்லியோ, கதவுன்னு ஒண்ணு இருக்குல்ல? அதப் பிடுங்கிடாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முழுசா மூட வேணாம், வாரத்துல ரெண்டு நாளாவது டாக்டர் வரட்டும்னு எழுதறேன்" என்றார். பின்னால் அப்படியேதான் நடந்தது.

ஆடுகளை வீடுவீடாகத் திருப்பிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டது. மச்சான் கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பாய் கையிலிருந்த கயிறுகளில் பாதியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மீதியை நான் வாங்கிக்கொண்டேன். பாயை வெறுங்கையோடு நடக்கவிட வேண்டும்போல் இருந்தது.