வழி தவறிய பேருந்து

படம் ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை. வெண்டல் டோர்விக் ஒலிப்பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். அது ஒருமுறை உறுமிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

வேறு நாளாக இருந்தால் சிரித்துத் தள்ளியிருப்பார். இன்றைக்குப் புது டீன் அவருடைய வகுப்பைப் பார்வையிட வருகிறார். டீன் நல்லதாக நாலு வரி எழுதினால் வெண்டலுக்கு நிரந்தர வேலை. இல்லாவிட்டால் வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பிழைப்பும் போய், மாமனாரின் தூண்டில்புழுக் கடைதான் கதி. புழுவைப் பார்த்தாலே வெண்டலுக்கு ஆகாது.

காலையிலிருந்தே எதுவும் சரியில்லை. மினசோட்டா மாநிலத் துலூத் நகரின் ஜனவரிக் குளிரில் கார் கிளம்ப மறுத்தது. கல்லூரியிலோ குழாய் வெடித்துப் பாதி வகுப்புகளை இடம் மாற்றியிருந்தார்கள். மூச்சிரைக்க ஓடிவந்தவர், அறை நிறையப் பிள்ளைகளைப் பார்த்ததும் நிம்மதியாகி, கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிட்டார். சினிமாப் படங்கள் வழியாகச் சமூக உளவியல் படிக்கப்போகிறோம் என்றார். முதல் நாள் வகுப்பு, எல்லாம் புது முகங்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆர்வம் என்று வெண்டல் எடுத்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒருவர் கதவைத் திறந்தார். வெண்டலைப் பார்த்துத் தயங்கினார், அறையை ஒரு சுற்றுப் பார்த்தார், பூனை மாதிரி நடந்துபோய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். டீன்தான், சந்தேகமே இல்லை. வெண்டல் அவசரமாக டையைக் கோட்டுக்கு வெளியே இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

படத்தில் ஒரு பேருந்து பனிக்காட்டுக்குள் தப்பான பாதையில் போய்க்கொண்டிருந்தது. வழி தப்பு என்று பயணிகள் எல்லாருக்கும் தெரியும். மற்றவர்கள் சும்மா இருப்பதைப் பார்த்து ஒவ்வொருவரும் சும்மா இருக்கிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக மனுஷன் எப்படி மந்தையாகிறான் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. சத்தம் மட்டும் இருந்திருந்தால்.

ப்ரொஜெக்டரில் கைக்குக் கிடைத்த பொத்தானை எல்லாம் அழுத்திப் பார்த்தார். சத்தம் வரவில்லை. சரி என்று திரைக்கு முதுகைக் காட்டி நின்று, தானே குரல் கொடுக்கத் தொடங்கினார். ஓட்டுநருக்குக் கட்டைக் குரல், கிழவருக்கு நடுங்கும் குரல், கைக்குழந்தைக்கு அழுகை. பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள். குழந்தையாக மூன்றாம் முறை அழுதபோதுதான் தற்செயலாகத் திரும்பினார். பேருந்து தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்கு?"

முன்வரிசைப் பெண் பிரென்னா நெளிந்தாள். "கொஞ்ச நேரமாத்தான், புரொபசர். பரவாயில்ல, இப்படிப் பாக்கவும் நல்லாத்தான் இருக்கு."

மினசோட்டாக்காரர்களின் மரியாதை அப்படி. பக்கத்தில் ஒருவன் தீப்பிடித்து நின்றால்கூட, "கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கோ?" என்றுதான் கேட்பார்கள். அவரும் அதே ஊரில் பிறந்தவர்தான், யாரைக் குறை சொல்ல?

படமே வேண்டாம், திரையைச் சுருட்டிவிட்டுப் பின்னாலிருக்கும் பலகையில் பேருந்தை வரைந்து காட்டிவிடலாம் என்று திரையின் கீழ்நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்து விட்டார். திரை சரசரவென்று மேலே ஏறியது. கூடவே அதில் சிக்கிய அவருடைய டையும் ஏறியது. கழுத்து மேலே இழுபட, நுனிக்காலில் நின்று தத்தளித்தார்.

"யாராவது... கொஞ்சம்..."

எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு பையன் குறிப்பெடுத்துக்கொண்டான்.

மூச்சு முட்டும் நேரத்தில் வெண்டலுக்குத் தன் பாடமே நினைவுக்கு வந்தது. கூட்டத்தைப் பொதுவாகக் கூப்பிட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள். ஒரே ஒரு ஆளைச் சுட்டிக்காட்டிக் கேட்க வேண்டும். கண்ணில் பட்ட நிறத்தைச் சுட்டிக்காட்டினார்.

"நீங்க! பச்சை ஸ்வெட்டர்! வந்து இந்தத் திரையைக் கீழ இழுங்க!"

யாரை ஏவினோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த மனிதர் விழுந்தடித்து ஓடிவந்து திரையை இழுத்து டையை விடுவித்தார். வெண்டல் உள்ளுக்குள் புழுக்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். ஆனால் முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு என்று ஒரு துணிச்சல் வந்தது. முகத்தை நிமிர்த்திக்கொண்டு திரும்பினார்.

"பாத்தீங்களா? இதுதான் இன்னைக்குப் பாடம். நான் தொங்கினேன், இத்தனை பேர் சும்மா இருந்தீங்க. ஒருத்தரைக் கை காட்டினதும் உதவி வந்துச்சு. இதெல்லாம் உங்களுக்காகத்தான் ஏற்பாடு பண்ணினேன்."

கைதட்டல் அறையைத் தூக்கியது. பச்சை ஸ்வெட்டரும் தட்டினார். அந்தச் சத்தத்தில் வெண்டலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வகுப்பு அவர் எடுத்ததே இல்லை.

"இப்பச் சொல்லுங்க," என்றார். "அந்த பஸ்ஸுல நீங்க இருந்திருந்தா, வழி தப்புன்னு வாயைத் திறந்திருப்பீங்களா?"

அத்தனை கைகளும் உயர்ந்தன. பச்சை ஸ்வெட்டரின் கையும்.

மணியடித்துப் பிள்ளைகள் வெளியேறியதும், வெண்டல் டையை நீவிவிட்டுக்கொண்டு அவரிடம் போய்க் கை நீட்டினார். வகுப்பைப் பற்றி அறிக்கையில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா, டீன் அவர்களே என்று பணிவாகக் கேட்டார்.

அந்த மனிதர் முகம் சிவக்க, நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீன் மாடிக்குப் போறதைப் பாத்தேங்க, உங்க வகுப்பு அங்கதான் போல, இது நான் எடுக்கிற வருமான வரி வகுப்பு, வந்து பாத்தா பிள்ளைங்க யாரும் ஒண்ணும் சொல்லாம உக்காந்திருந்தாங்க, நானும் உக்காந்துட்டேன்."