கஸ்பாரின் கால் என்றைக்குப் போனது?

தேதி தெரியாத எதையும் நான் நம்புவதில்லை. இந்தக் குணத்தால் எனக்கு ஒரு நன்மையும் வந்ததில்லை. என் தங்கை புருஷன் கஸ்பாருக்கு வந்த தீமையை மட்டும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

கஸ்பார் பர்மா சண்டையில் இடது முழங்காலில் குண்டுச் சிதறல் வாங்கி, 1945 டிசம்பரில் பட்டாளத்திலிருந்து விடுபட்டுத் தூத்துக்குடி வந்து சேர்ந்தார். ஊனத்துக்குப் பென்ஷன் கிடைத்தது. ஆனால் உத்தரவில், 'ஊனம் 1946 ஆகஸ்டிலிருந்து' என்று போட்டுவிட்டார்கள். அதே ஆகஸ்டில்தான் அவர் வயிற்றுப்பாட்டுக்காகத் தோணியில் உப்பு மூட்டை ஏற்றப் போய், பலகையிலிருந்து வழுக்கி விழுந்திருந்தார். கடற்கரையில் பேச்சுக் கிளம்ப இது போதாதா?

"பர்மால சுட்டாவளாம்! ஏலே, உப்பு மூடைதாம்ல சுட்டுச்சு!"

கஸ்பார் பென்ஷனைக்கூட விட்டுவிடத் தயார். தேதியை விடத் தயாரில்லை. "எங்காலு என்னைக்குப் போச்சுன்னு சர்க்காரு சரியா எழுதணும் மச்சான். அது வரைக்கும் விட மாட்டேன்" என்றார். மேல்முறையீடு செய்தோம். வாதாட நானே கிளம்பினேன். (யாரும் அழைக்கவில்லை.) நான் சரித்திர வாத்தியார்; பதினாறு வயது முதல் ஒருநாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுபவன். வேறென்ன தகுதி வேண்டும்?

விசாரணை அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். "பட்டாளத்துச் சீட்டில் காயம் ஆறியதாக ஒரே வரி இருக்கிறது. மனு எங்களுக்கு வந்ததே ஆகஸ்டில்தான். டிசம்பரிலேயே ஊனம் என்றால் ஏன் அப்போதே அனுப்பவில்லை?"

நான் எழுந்து தொண்டையைச் செருமினேன். "டிசம்பரிலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று ஐயா. மனு அலுவலகத்தில்தான் எங்கோ தூங்கியிருக்கிறது. இதோ ஆதாரம்!" என்று இரண்டு ஆண்டு நாட்குறிப்புகளையும் மேஜைமேல் வைத்தேன். (எனக்கு எழுதத்தான் தெரியும், திரும்பப் படிக்கும் பழக்கமில்லை.) வைத்த பிறகுதான் உள்ளே இருப்பது மெல்ல ஞாபகம் வந்தது. கையை நீட்டினேன். அதற்குள் அவர் உரக்க வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"'கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கஸ்பார் மனுவை அனுப்பச் சொல்லித் தந்தார். காயம்பட்டது சூசையப்பர் திருநாளுக்கு மறுநாள் என்கிறார். ஆஸ்பத்திரிச் சீட்டிலோ மூன்று நாள் தள்ளி இருக்கிறது. இந்த முரண்பாட்டோடு அனுப்புவது முறையல்ல.'"

அடுத்த புத்தகத்தைப் புரட்டினார். "'சாம்பல் புதன். மனு என்னிடமே உள்ளது.' 'பெரிய வெள்ளி. மனு என்னிடமே.' 'மாதா கோவில் கொடியேற்றம். மனு என்னவாயிற்று என்று கஸ்பார் கேட்டார். சர்க்கார் காரியம் மெதுவாகத்தான் நடக்கும் என்றேன்.' 'கஸ்பார் தோணிப் பலகையிலிருந்து விழுந்தார். மனுவை இன்று தபாலில் சேர்த்தேன்.'"

கஸ்பார் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். "காட்டுக்குள்ள மூணு நாளு டோலில தூக்கிட்டு வந்தாவ வேய்! அதாம் அந்த மூணு நாளு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன? ஜப்பான்காரன் ஒரு நாளுதாம் சுட்டான். நீரு எட்டு மாசம் சுட்டிருக்கீரு!"

கதவு திறந்துதான் இருந்தது; ஓடியிருக்கலாம். ஆனால் அந்தத் தேதியை மாற்றாமல் தங்கை முகத்தில் விழிக்க முடியாது. அதிகாரி மூடப்போன புத்தகத்துக்குள் விரலை நுழைத்தேன். "என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். மனு என் கைக்கு வந்ததற்கு முந்திய பக்கங்களையும் படித்துவிட்டுத் திட்டுங்கள். படிக்காமல் நான் போவதாக இல்லை."

முதல் புத்தகத்தை மறுபடி எடுத்துப் படித்தார். "'டிசம்பர் 12. கஸ்பார் ரயிலில் வந்தார். இடது கால் தரையில் ஊன்றவில்லை. இருவர் தாங்கி இறக்கினோம். ரயில் பதினேழு நிமிடம் தாமதம்.'"

அதிகாரி என்னையே பார்த்தார். "தன் மேலேயே எட்டு மாதம் குற்றப்பத்திரிகை எழுதி வைத்த மனுஷன், அடுத்தவன் காலைப் பற்றிப் பொய் எழுதியிருக்க மாட்டான்" என்று பேனாவைத் திறந்தார்.

டிசம்பர் என்று திருத்திய உத்தரவு வந்தது. கஸ்பார் அதைத் தோணிகள் நிற்கும் இடத்துக்கே கொண்டுபோய், கேலி பேசியவர்கள் நடுவில் வாசிக்க வைத்தார். (என்னை வைத்து அல்ல.)

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு தபால் அட்டையைக்கூட என்னிடம் தருவதில்லை. என் மகள் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டுமே என்று, மணமக்கள் பெயரை எழுதிக்கொண்டு சாமியாரிடம் கிளம்பினேன். கஸ்பார் வாசலிலேயே காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு விந்தி விந்தி நடந்தார்.

"நீரு வீட்டுல இரியும் மச்சான். நீரு கொண்டுபோனா, பேத்தி கல்யாண ஓலையோட சேத்துத்தான் இதையும் வாசிக்கணும்!"