மண்டபத்தடியில் ஏழாம் நம்பர் பிளாட்

சொந்த ஊருக்கு நல்லது செய்யப் புறப்படுகிறவர்கள் முதலில் சொந்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் சொல்லவில்லை. அதன் பலனை இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் எங்கள் ஊர். (பெயர் வேண்டாம். ஏற்கெனவே போதுமான அளவு மானம் போய்விட்டது.) ஊரின் நடுவில் பழைய கல்மண்டபம், அதற்கு முன்னால் ஒரு திடல். நான் படித்துவிட்டு வருவதற்குள் அங்கே ஆட்டோக்களும் பைக்குகளும் நெருக்கியடித்து, மண்டபத்துத் தூண்களில் பாதி கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. ரோட்டைத் தாண்ட நினைப்பவர்கள் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு காலை வைப்பார்கள்.

சென்னையில் நகர வடிவமைப்பு செய்கிற ஓர் அலுவலகத்தில் எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. முதல் வேலையே எங்கள் ஊர்த் திடல். வண்டிகளை வெளியே அனுப்பிவிட்டு, மரமும் நடைபாதையும் உட்கார இடமுமாக மாற்ற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சிக் கமிஷனர் அம்மா நேரில் வந்து பார்ப்பார். அவர் தலையசைத்தால் திடல் பிழைக்கும். இல்லாவிட்டால் ஆட்டோக்களுக்கே பட்டயம். "உன் முதல் வேலையே கடைசி வேலை ஆகாம பாத்துக்கோ" என்று என் மேலதிகாரி அன்போடு வாழ்த்தி அனுப்பினார்.

வீட்டில் மூச்சு விடவில்லை. எல்லாம் முடிந்து ஊரே என்னைப் பாராட்டும்போது நைனா கூட்டத்தில் நின்று கண்கலங்க வேண்டும் என்று ஆசை. (எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.)

காகிதத்தில் வரைந்ததைக் காட்டினால் மக்களுக்குப் புரியாது, தரையிலேயே முழு அளவில் வரைந்து காட்ட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோக்கள் வருவதற்கு முன்பே, விடியற்காலையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டேன். மரம் வரும் இடங்களில் பச்சைக்கொடி நட்டேன். பெஞ்சு வரும் இடங்களில் நம்பர் போட்ட கல் வைத்தேன். கல் கொடுத்தவர் கன்னியப்பன் மேஸ்திரி. திருப்போரூர் பக்கம் ஏதோ வேலையில் மிஞ்சியவையாம், மஞ்சள் பெயின்ட் அடித்துத் தயாராக இருந்தன. சுற்று வட்டார ஜனங்கள் வந்து கருத்துச் சொல்ல வேன் ஏற்பாடு செய்தேன். ஷாமியானா, அதில் கமிஷனருக்காக ஒட்டிய திடல் படம், பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுக்கு ஒரு பொட்டலம் தக்காளி சாதம், மோர். பெயரும் போன் நம்பரும் எழுத ஒரு நோட்டு.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதற்குள் விஷயம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "மேடம், பாக்க ஒரு மாதிரி கீதே" என்றார். "உங்களுக்குக் கற்பனை வளம் போதாது மேஸ்திரி" என்று சொன்னேன். (சொன்ன வாயில் இப்போதும் போட்டுக்கொள்கிறேன்.)

எட்டு மணிக்கு வேன் வந்தது. முதலில் இறங்கிய பெரியவர் நேராகக் கொடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வடக்கு பாத்தது இன்னா ரேட்டுமா?"

"ஐயா, இது விக்கிறதுக்கு இல்ல. எல்லாருக்கும் சொந்தம்."

"கூட்டுப் பட்டாவா? அதெல்லாம் பேஜாரு."

"இங்க யாரும் வீடு கட்ட முடியாது ஐயா!"

அவர் பின்னால் திரும்பி வேனைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய், அப்ரூவல் இல்லாத பிளாட்டுடா!"

அவ்வளவுதான். கோடு, கொடி, நம்பர் கல், வேன், சாப்பாடு என்று நான் செய்ததெல்லாம் எங்கள் பக்கம் வீட்டுமனை விற்கிறவர்கள் செய்வதுதான். ஒரு அம்மாள் போர் தண்ணீர் உப்பா என்று கேட்டார். இன்னொருவர் காலடியால் அளந்துகொண்டிருந்தார். கருத்து நோட்டில் முப்பது பேர் பெயர் எழுதி, எதிரே வேண்டிய கல் நம்பரையும் குறித்திருந்தார்கள். ஏழாம் நம்பர் கல்லின் மேல், பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல, ஒரு பச்சைத் துண்டு கிடந்தது. எங்கோ பார்த்த துண்டு. நிமிர்ந்தால், வெள்ளைச் சட்டையும் கையில் மஞ்சள் பையுமாக நைனா.

"நைனா, நீ இன்னா இங்க?"

"மெதுவா பேசு. ஒனக்குத்தான் பாத்துகினு கீறேன். கார்னர் பிளாட்டு, கெழக்கு பாத்தது. அம்மாகிட்ட சொல்லிடாத."

அழுகை வந்தது. "நைனா, இத்தப் போட்டதே நான்தான்."

நைனாவின் முகம் மலர்ந்தது. நான் விடிய விடியக் கனவு கண்ட அதே மலர்ச்சி. "நீயே புரோமோட்டரா! அப்போ நம்மளுக்குக் கொறச்சிப் போடு."

இதற்குள் ஆட்டோ ஸ்டாண்டு தலைவர் காதர் பாய் காதுக்குச் செய்தி போய்விட்டது. "மண்டபத்தடிய வித்துட்டாங்கடா!" என்று ஒரு சத்தம். அடுத்த ஐந்து நிமிடத்தில் திடலுக்கு வருகிற நான்கு தெருக்களின் வாயிலும் குறுக்கே ஆட்டோக்கள். ஊரே உள்ளே வந்து மறியலில் உட்கார்ந்தது. பிளாட் வாங்க வந்தவர்களும் சாதப் பொட்டலத்தோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள். மரியாதைக்கு எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள்.

கமிஷனர் அம்மாவின் ஜீப் பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிட்டது. அவர் நடந்து வந்தார். ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரியை மனசுக்குள் எழுதிவிட்டேன்.

அவர் நின்று பார்த்தார். திடலுக்குள் ஒரு வண்டி இல்லை. மண்டபத்துப் படிகளில் பெண்கள் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் என் பச்சைக்கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்பிடித்து விளையாடின. தூண்கள் அத்தனையும் தெரிந்தன.

"என்ன போராட்டம்?"

காதர் பாய் எழுந்து நெஞ்சை நிமிர்த்தினார். "இந்த எடத்த யாருக்கும் விக்கக் கூடாது மேடம். இது ஜனங்க வந்து நிம்மதியா ஒக்கார்ற எடம்!"

"அதைத்தானே இந்தப் பொண்ணு வரைஞ்சிருக்கு" என்று கமிஷனர் ஷாமியானாவில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆட்டோ எங்கம்மா நிக்கும்?"

நான் அதை வரையவே இல்லை. மரத்துக்கு மரம் இலை போட்டவள், ஆட்டோவை மறந்துவிட்டேன். ஊரே காதர் பாயைப் பார்த்தது. அவர் தாடியைத் தடவினார்.

"கொளத்தாண்ட நெழல் கீது. அங்க நிப்பாட்டிக்கிறோம்" என்றார். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்றைக்கும் அவர் ஆட்டோவில் ஏறினால் கண்ணாடியில் அதே பார்வைதான்.

கமிஷனர் அம்மா தலையசைத்தார், திடல் பிழைத்தது. ஏழாம் நம்பர் கல் இருந்த இடத்தில் கிழக்குப் பார்த்த பெஞ்சு, பக்கத்தில் ஒரு புங்கமரம். நைனா தினமும் சாயங்காலம் துண்டோடு போய்விடுவார். வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், "பத்திரம் கீதா?" என்பார். அவர்களும் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவார்கள். என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டு உறவுக்காரர்களிடம் என்னை அறிமுகப்படுத்தியதே, "ஊர் நடுவுல பிளாட்டு போட்டது இவதான்" என்றுதான். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. சிரித்ததாலா என்று நான் விசாரிக்கவில்லை.

போன வாரம் ஊருக்குப் போனபோது கால் வலிக்கிறதென்று அந்த பெஞ்சின் ஓரத்தில் உட்காரப் போனேன். நைனா துண்டை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்துப் போட்டார்.

"நகந்துக்க நைனா. நான்தானே இத்தக் கட்டினேன்?"

"அதெல்லாம் சரி" என்றார். "மொதல்ல அப்ரூவல் வாங்கிகினு வா."